விளக்கு நனையக் கூடாது, ஆள் திரும்பி வர வேண்டும்

பாடம் 7: நீர்த்தேக்கத்தில் சிறு வள்ளத்தில் மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கு

இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை:

• தண்ணீருக்குப் போகும் விளக்கு எது, வீட்டில் இருக்க வேண்டிய விளக்கு எது
• கைபேசி, டோர்ச், பெட்டரி ஆகியவற்றை நனையாமல் கட்டும் முறை
• வள்ளம் கவிழ்ந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை
• நனைந்துபோன பெட்டரியை என்ன செய்வது

முதலில் ஒரு கேள்வி

தெல்தெனிய பக்கத்தில் நாம் நடத்திய ஒரு கலந்துரையாடலில் ஓர் அண்ணன் எழுந்து கேட்டார்: "போன் தண்ணியில விழுந்தா எப்படிக் காய வைக்கிறது?" நாம் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி சொன்னார்: "அதுக்கு முன்னால, அதை எடுக்கத் தண்ணியில குதிக்க மாட்டேன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. இருட்டோடு தூண்டில் போடப் போனபோது மடியிலிருந்த கைபேசி வழுக்கி விழுந்ததும், அதைப் பிடிக்க அவர் எட்டிக் குனிந்ததில் வள்ளம் கவிழ்ந்ததும், கரை பக்கத்தில் இருந்ததால் தப்பி வந்ததும் பிறகுதான் தெரிந்தது. அவர் உயிர்காப்பு அங்கி போட்டிருக்கவில்லை. அந்தக் கைபேசியில்தான் குடும்பத்தின் எல்லா இலக்கங்களும் இருந்தன. நிவாரணம் பற்றிய செய்தி, பிள்ளைகளின் பாடசாலைச் செய்தி, மண்சரிவு எச்சரிக்கை எல்லாம் அதற்குத்தான் வரும். குதித்தது ஒரு கருவிக்காக மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த அக்கா சொன்னதுதான் இந்தப் பாடத்தின் அடிப்படை. பொருளைக் காப்பாற்றும் வேலை கரையில் வைத்தே முடிந்துவிட வேண்டும். தண்ணீரில் இறங்கிய பிறகு காப்பாற்ற வேண்டியது ஆளை மட்டும்தான்.

ஏன் இப்போது இந்தப் பாடம்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. மலைச்சரிவில் இருந்தவர்கள் மண்சரிவால் வெளியேறினார்கள். மகாவலிக் கரையில் கம்பளை, பேராதனை பக்கம் இருந்தவர்கள் வெள்ளத்தால் வெளியேறினார்கள். திரும்பி வந்த பல வீடுகளில் மரக்கறித் தோட்டம் இல்லை, ஆடு மாடு இல்லை, நாட்கூலி வேலையும் ஒழுங்காக இல்லை. நீர்நிலைக்கு அருகில் உள்ளவர்கள் கறிக்காகவும் கைச்செலவுக்காகவும் மீன்பிடிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். திலாப்பியா 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்று உள்நாட்டு நீர்நிலைகளில் அதிகம் பிடிபடுவது அதுதான்.

சிலர் மரவள்ளத்தில் போகிறார்கள். சிலர் பைபர் வள்ளம் வைத்திருக்கிறார்கள். ரிஜிபோம் பலகையையும் டயர் டியூபையும் கட்டித் தெப்பமாக்கிப் போகிறவர்களும் உண்டு. கயாக் எனப்படும் ஒடுங்கிய பிளாஸ்டிக் வள்ளத்தைப் பழையதாக வாங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கயாக், வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டிச் செய்த வேட்டை வள்ளத்திலிருந்து வந்தது. இன்று மீன்பிடிக்கப் பயன்படும் கயாக்குகளில் பெரும்பாலானவை மேலே ஏறி உட்காரும் வகை. எந்த வகையாக இருந்தாலும் ஒன்று பொது. ஆள் தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறார். அவரும் நனைவார், அவரிடம் உள்ள பொருளும் நனையும். அப்படி எண்ணியே ஆயத்தம் செய்ய வேண்டும்.

ஒரு விடயம் முன்கூட்டியே: நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க அனுமதி தேவை. "நெக்டா" என்று அழைக்கப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலரையோ, உங்கள் பகுதி மீனவர் சங்கத்தையோ முதலில் சந்தியுங்கள். எந்த இடம் தடை, எந்தக் கண் அளவுள்ள வலை கூடாது என்பதை அவர்கள் சொல்வார்கள். சங்கத்தில் சேர்ந்தால் உங்களைத் தேடி வர ஆட்களும் இருப்பார்கள்.

பகுதி 1: வீட்டு விளக்கு வீட்டிலேயே

மீள்குடியேற்றப் பொதியில் கிடைத்த சூரிய விளக்கு வெளிச்சமானது, இலேசானது. அதையே வள்ளத்தில் தொங்கவிடத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

காரணம் இதுதான். அதிகாலை இரண்டு மணிக்கு மழை பெய்கிறது, மின்சாரம் இல்லை. நீங்கள் தண்ணீரில் இருக்கிறீர்கள். வீட்டில் மனைவி, பிள்ளைகள், வயதான அம்மா. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். அந்த நேரம் வீட்டில் விளக்கும் இல்லை, கைபேசியும் இல்லை என்றால் அவர்கள் எதைப் பார்த்து, யாரைக் கேட்டு வெளியேறுவார்கள்?

ஆகவே முதல் விதி: வீட்டுக்கு ஒரு விளக்கு, வள்ளத்துக்கு வேறு விளக்கு. வீட்டில் ஒரே ஒரு கைபேசிதான் இருக்கிறது என்றால் அது வீட்டில் இருக்கட்டும். நீங்கள் பட்டன் போன் ஒன்று தேடிக்கொள்ளுங்கள். அது கிடைக்கும் வரை, கைபேசி உள்ள இன்னொருவருடன் சேர்ந்து மட்டும் போங்கள். எச்சரிக்கை நடைமுறையில் உள்ள நாளில் மீன்பிடிக்கப் போகவே வேண்டாம். அன்று குடும்பத்துக்கு நீங்கள் வீட்டில் வேண்டும்.

பகுதி 2: உடலில் எது, வள்ளத்தில் எது

பொருட்களை இரண்டாகப் பிரியுங்கள்.

உயிர் காக்கும் பொருள் உங்கள் உடலில் இருக்க வேண்டும். வள்ளம் கவிழ்ந்து காற்றில் இழுபட்டுப் போனால் அதில் இருந்தவை எல்லாம் அதோடு போய்விடும். எனவே இவை நான்கும் உடலில்:

• உயிர்காப்பு அங்கி. எல்லாப் பட்டிகளும் பூட்டியிருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் மடித்து வைத்த அங்கி யாரையும் மிதக்க வைக்காது.
• அங்கியில் நூலால் கட்டிய விசில். இதற்குப் பெட்டரி தேவையில்லை. ஆகவே இதுதான் கடைசிவரை வேலை செய்யும்.
• தலையில் கட்டும் டோர்ச்.
• நீர்புகாப் பையில் போட்டு, அங்கியின் சட்டைப்பையில் வைத்து, குறுகிய கயிற்றால் கட்டிய கைபேசி.

மீன்பிடிக்கும் பொருள் வள்ளத்தில் கட்டியிருக்க வேண்டும். பெரிய விளக்கு, 12 வோல்ட் பெட்டரி, தூண்டில் தடி, மீன் பெட்டி, சிலரிடம் இருக்கும் மீன் காட்டும் கருவி எல்லாம் இதில் அடங்கும். கட்டும் கயிறு ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருக்கக் கூடாது. நீளமான கயிறு தண்ணீரில் காலைச் சுற்றும். கனமான எந்தப் பொருளையும் உங்கள் இடுப்பிலோ கழுத்திலோ கட்ட வேண்டாம். கயிறு சிக்கினால் வெட்டுவதற்கு உறையிட்ட சிறு கத்தி ஒன்று கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உடை பற்றியும் ஒரு சொல். சாரம் நனைந்தால் இரு காலையும் பின்னிவிடும். அரைக்காற்சட்டை நல்லது. கொழுந்து மலையில் போடும் கம்பூட்ஸ் வள்ளத்துக்குக் கூடாது. அதற்குள் தண்ணீர் நிறைந்தால் நீந்தவும் முடியாது, வள்ளத்தில் திரும்ப ஏறவும் முடியாது.

பகுதி 3: தண்ணீர் என்ன செய்கிறது

தண்ணீர் பட்டதும் கருவி கெட்டுவிடுவதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேரும்போதுதான் கெடுகிறது. மின்சாரம் ஓடும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே ஈரம் இருந்தால் உலோகம் அரிக்கத் தொடங்குகிறது. பச்சை அல்லது வெள்ளைத் தூளாகப் படிவது அதுதான். மகாவலித் தண்ணீர் கடல்நீரைப் போல உப்பானதல்ல. ஆனாலும் அதில் சேறும் கரைந்த தாதுக்களும் உண்டு. உங்கள் கை வியர்வையிலும் உப்பு உண்டு. "நல்ல தண்ணிதானே, ஒண்ணும் ஆகாது" என்று விட்டுவிட முடியாது.

டோர்ச், கைபேசி வாங்கும்போது பெட்டியில் ஐபி என்று தொடங்கும் எழுத்தையும் இலக்கத்தையும் பாருங்கள். கடைசி இலக்கம்தான் தண்ணீரைப் பற்றியது. 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. 7 என்றால் 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் வரை தாங்க வேண்டும். வள்ளத்துக்கு 7 அல்லது 8 உள்ளது நல்லது. ஆனால் அந்த இலக்கம் புதிய பொருளுக்கு, பரிசோதனைக் கூடத்தில் கிடைத்தது. இரப்பர் வளையம் காய்ந்திருந்தாலோ, சார்ஜ் குத்தும் துளையின் மூடி தளர்ந்திருந்தாலோ, ஒரு தடவை கீழே விழுந்து கீறியிருந்தாலோ அந்த இலக்கத்தை நம்ப முடியாது. எவ்வளவு நல்ல கைபேசியானாலும் பைக்குள் போட்டே கொண்டு போங்கள்.

பகுதி 4: நனையாமல் கட்டும் முறை

கடையில் கிடைக்கும் நீர்புகாக் கைபேசிப் பை போதும். அது இல்லாவிட்டால், அழுத்தி மூடும் தடித்த பொலித்தீன் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் பயன்படுத்தலாம். சாதாரண சொப்பிங் பை போதாது.

முதலில் பரிசோதனை. பைக்குள் ஒரு டிசுத்தாளும் கைபேசியின் எடையுள்ள ஒரு கல்லும் போட்டு மூடுங்கள். வாளித் தண்ணீரில் 30 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். தாள் காய்ந்திருந்தால் பை நல்லது. ஓரத்தில் சிறிது ஈரம் இருந்தாலும் அந்தப் பை வேண்டாம். மூடும்போது உள்ளே கொஞ்சம் காற்று இருக்கட்டும். அப்போது விழுந்தாலும் மிதக்குமா என்பதையும் வாளியிலேயே பார்த்துவிடுங்கள்.

பிறகு, பைக்குள் வைத்தபடியே வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். ஈரக் கையோடும் எடுத்துப் பாருங்கள். தொடுதிரை ஈரத்தில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அவசர இலக்கத்தை அழைக்கும் வழியை இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள். இந்த விடயத்தில் பட்டன் போன் தொடுதிரையை விட நல்லது.

கண்டியின் விடியற்காலை குளிரானது, மூடுபனி உள்ளது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிரில் துளியாகப் படியும். புதிய சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதியை எறியாமல் எடுத்து உள்ளே போடுங்கள். பகலில் இதற்கு எதிரான பிரச்சினை. வெயிலில் கிடக்கும் கறுப்புப் பைக்குள் கைபேசி கொதிக்கும். சூட்டில் லித்தியம் பெட்டரி வீங்கலாம். ஈரத் துணியை மேலே போட்டு நிழலில் வையுங்கள்.

மலைகளுக்கு நடுவே பல இடங்களில் சிக்னல் பலவீனம். அங்கே கைபேசி சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். தேவையில்லாத நேரம் விமானப் பயன்முறையில் போட்டு, வீட்டோடு பேசி வைத்த நேரத்தில் மட்டும் திறவுங்கள். குரல் அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும்.

பகுதி 5: 12 வோல்ட் பெட்டரி கொண்டு போகிறவர்களுக்கு

விளக்குக்காக மோட்டார் சைக்கிள் பெட்டரி கொண்டு போகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதன் எடை, அதிலுள்ள அமிலம், அதன் வயர் மூன்றும் ஆபத்து.

• எடை: பெட்டரியை வள்ளத்தின் நடுவில், அடித்தளத்தில் வைத்துப் பட்டியால் இறுக்குங்கள். ஓரத்தில் வைத்தால் வள்ளம் சாயும். உயரத்தில் வைத்தால் கவிழும்.
• அமிலம்: திறந்து தண்ணீர் ஊற்றும் வகைப் பெட்டரி வள்ளத்துக்குக் கூடாது. சாய்ந்தால் அமிலம் வழியும். முழுதும் மூடிய வகையைப் பயன்படுத்துங்கள்.
• வயர்: கூட்டல் முனையிலிருந்து வரும் வயரில், பெட்டரிக்கு மிக அருகில், ஒரு பியூஸ் போட வேண்டும். சிறு எல்இடி விளக்குக்கு 5 அம்பியர் போதும். இரண்டு முனைகளும் இரப்பர் மூடியால் மூடியிருக்க வேண்டும். ஒரு கத்தியோ சாவியோ இரண்டையும் தொட்டால் பொறி பறக்கும், வயர் எரியும்.
• பெட்டி: மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். வயர் வெளியே வரும் துளை மேற்பக்கம் இருக்கட்டும். ஆனால் சார்ஜ் ஏற்றும்போது பெட்டியைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அப்போது எரியக்கூடிய வாயு வெளிவரும். அடுப்புப் பக்கம் கூடாது.

12 வோல்ட் பெட்டரி நிரம்பியிருக்கும்போது மீற்றரில் ஏறத்தாழ 12.7 காட்டும். 12.1 அளவுக்கு இறங்கினால் பாதி முடிந்துவிட்டது என்று பொருள். அதோடு கரைக்குத் திரும்புங்கள். மிச்சம் பாதி திரும்பி வருவதற்கு. இப்படிப் பழகினால் பெட்டரியின் ஆயுளும் கூடும்.

பகுதி 6: நம் தண்ணீரின் குணம்

விக்டோரியா. 122 மீற்றர் உயரமான இந்த அணை 1985 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அது நிறைந்தபோது பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் நீரில் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்று இடம்பெயர்ந்தன. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. நிறைந்த காலத்தில் அவை கண்ணுக்குத் தெரியாமல் கீழே நிற்கின்றன, மரக்கட்டைகளும் அப்படியே. நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று வள்ளம் சுவரில் முட்டலாம். வலையும் கயிறும் அதில் சிக்கலாம். சிக்கிய வலையை எடுக்க மூழ்க வேண்டாம், வெட்டி விடுங்கள். புயலுக்குப் பிறகு மேலிருந்து அடித்து வந்த மரங்களும் கூரைத் தகரங்களும் எங்கே கிடக்கின்றன என்று பழைய மீனவர்களுக்கும் தெரியாது. முதல் சில தடவை பகலில் மட்டும் போய் இடத்தைப் படியுங்கள்.

பொல்கொல்ல. கண்டி நகரத்துக்கு அருகே 1976இல் முடிக்கப்பட்ட அணைக்கட்டு. இங்கிருந்து மகாவலித் தண்ணீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவெல மின் நிலையத்துக்குப் போகிறது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் சுரங்க வாய் இருக்கும் பக்கம் நீர் இழுக்கும். துடுப்புப் போட்டு வெல்ல முடியாத இழுப்பு அது. தடை எல்லை எங்கே தொடங்குகிறது என்று கேட்டறிந்து, அதற்கும் வெகு தூரத்தில் நில்லுங்கள்.

அணைக்குக் கீழே. எந்த அணையானாலும் அதன் கீழ்ப்புற ஆற்றில் நிற்பது ஆபத்து. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளித்திருக்கலாம். மேலே எங்கோ பெய்த மழைக்காக, அல்லது மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடப்படலாம். எச்சரிக்கை ஒலி கேட்டாலோ, தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக வந்தாலோ, பொருளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

காற்றும் இடியும். பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி மின்னல் அதிகம். திறந்த தண்ணீரில் உயரமான பொருள் நீங்கள்தான். கையில் இருக்கும் கார்பன் தூண்டில் தடி மின்சாரத்தைக் கடத்தும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. தடியைப் படுக்க வைத்துவிட்டுக் கரையேறுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும் வரை திரும்ப இறங்க வேண்டாம். தனி மரத்தின் கீழும் நிற்க வேண்டாம். காலைப் பொழுதில் போய், பகல் ஏறும் முன் திரும்புவதுதான் நம் மலைநாட்டுக்குப் பொருத்தம்.

பகுதி 7: வள்ளம் கவிழ்ந்தால்

1. முதலில் மூச்சு. இருமல் அடங்கும் வரை அங்கியை நம்பி மல்லாந்து மிதங்கள்.
2. வள்ளத்தைப் பிடியுங்கள். கரை கிட்ட இருப்பது போலத் தெரிந்தாலும் நீந்திப் போக வேண்டாம். தண்ணீரில் தூரம் கண்ணை ஏமாற்றும். தேடி வருகிறவர்களுக்கும் தனித் தலையை விட வள்ளம்தான் எளிதில் தெரியும்.
3. பொருட்களை விடுங்கள். மிதக்கும் எதையும் துரத்த வேண்டாம். போனது போகட்டும்.
4. விசிலை மூன்று தடவை ஊதுங்கள். நிறுத்துங்கள். மீண்டும் மூன்று தடவை. டோர்ச்சையும் அப்படியே மூன்று மூன்றாக அடியுங்கள். மூன்று என்பது எங்கும் ஆபத்து அறிகுறி.
5. கயாக் என்றால் அதை நிமிர்த்தி, பக்கவாட்டில் நடுப்பகுதியைப் பிடித்து, காலால் தண்ணீரை உதைத்து உடலை மட்டமாக்கி, வயிறு குறுக்கே விழும்படி ஏறுங்கள். பிறகு திரும்பி உட்காருங்கள். இதை முதன்முதலாக ஆபத்திலேயே செய்ய முடியாது. இடுப்பளவு தண்ணீரில், கரையில் ஆள் இருக்கும்போது பத்துத் தடவை பழகுங்கள்.
6. ஏற முடியாவிட்டால் வள்ளத்தைப் பிடித்தபடி அழையுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

இன்னொருவர் விழுந்ததைக் கரையிலிருந்து பார்த்தால் நீங்கள் குதிக்க வேண்டாம். மூடி இறுகிய 5 லீற்றர் வெற்றுக் கேன் ஏறத்தாழ 5 கிலோ எடையை மிதக்க வைக்கும். அதில் கயிறு கட்டி எறியுங்கள். இப்படி ஒரு கேனும் கயிறும் ஒவ்வொரு இறங்குதுறையிலும் எப்போதும் தொங்கட்டும். செலவில்லாத காவல் அது. ஆனால் உயிர்காப்பு அங்கிக்குப் பதிலாக அதைக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். தண்ணீரை மூச்சோடு இழுத்தவர் பார்வைக்கு நலமாக இருந்தாலும் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். மது அருந்தியவர் அன்று வள்ளத்தில் ஏறக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

பகுதி 8: நனைந்த பொருளை என்ன செய்வது

இப்போது அந்த அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கைபேசி: உடனே அணைத்துவிடுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டாம். சார்ஜில் குத்தவே வேண்டாம். பெட்டரி கழற்றக்கூடியதென்றால் கழற்றுங்கள். சிம்மையும் எடுங்கள். துணியால் ஒற்றி, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மின்விசிறிக் காற்று நல்லது. அடுப்புச் சூடும் வெயிலும் கூடாது. அரிசிக்குள் புதைக்கும் பழக்கமும் வேண்டாம். அரிசியின் தூள் துளைக்குள் போய்ப் புதிய தொல்லை தரும். ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

டோர்ச்: பெட்டரியை எடுத்து, உள்ளே துடைத்து, திறந்தபடி காய வையுங்கள். சாதாரண பெட்டரி கசிந்து வெள்ளைத் தூள் படிந்திருந்தால், பஞ்சில் சிறிது வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத் துணியாலும் காய்ந்த துணியாலும் துடையுங்கள். அந்தத் தூள் கண்ணில் படக் கூடாது. புதியதையும் பழையதையும் ஒரே டோர்ச்சில் கலந்து போட வேண்டாம்.

லித்தியம் பெட்டரி, பவர் பேங்க்: இதில் கவனம் அதிகம் தேவை. தண்ணீருக்குள் போன லித்தியம் பெட்டரி அன்று ஒன்றும் செய்யாமல் இருந்து, பிறகு சூடேறித் தீப்பிடிக்கலாம். வீங்கியது, சூடானது, விநோத வாசனை வருவது எதையும் சார்ஜ் செய்ய வேண்டாம், குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியாத இடத்தில், தகரத்தின் மேலோ மணலின் மேலோ வையுங்கள்.

திரும்பி வந்த வீட்டைத் துப்புரவு செய்யும்போது சேற்றுக்குள்ளிருந்து எடுக்கும் பவர் பேங்க், சூரிய விளக்கு, பழைய கைபேசி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். "கழுவிக் காயவெச்சா ஓடும்" என்று பிள்ளைகள் படுக்கும் அறையில் சார்ஜ் போட வேண்டாம். கெட்ட பெட்டரியை அடுப்பிலோ, குப்பை எரிக்கும் குழியிலோ, ஆற்றிலோ போடவும் கூடாது. சேர்த்து வைத்து, எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். பொத்தான் போன்ற சிறு பெட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

பகுதி 9: வீட்டில் விட்டுப் போகும் தாள்

புறப்படும் முன் ஒரு தாளில் ஐந்து வரி எழுதி, வீட்டு வாசலில் ஒட்டுங்கள்.

• எந்த நீர்நிலை, எந்த இறங்குதுறை
• யாரோடு போகிறேன்
• எத்தனை மணிக்குத் திரும்புவேன்
• எந்த நேரத்துக்கு அழைப்பேன்
• எத்தனை மணி வரை வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும்

கடைசி வரிதான் முக்கியம். "காலை 8 மணி வரை வராவிட்டால் சங்கத் தலைவருக்கு, 8.30க்கு 119" என்று தெளிவாக எழுதுங்கள். நேரம் எழுதியிருந்தால் வீட்டில் இருப்பவர் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று தயங்கிக்கொண்டிருக்க மாட்டார். முன்கூட்டியே வந்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் உள்ள விளக்குகளையும் கைபேசிகளையும் எண்ணுங்கள். இரவில் வெளியேற நேர்ந்தால் எது யார் கையில் இருக்கும்? குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.
2. பகுதி 4இல் சொன்ன வாளிப் பரிசோதனையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யுங்கள்.
3. அங்கியைப் போட்டு, தோள்பட்டியைப் பிடித்து வேறொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காது வரை ஏறினால் அது தளர்வு. பட்டியை இறுக்குங்கள்.
4. உங்கள் இறங்குதுறையில் கேனும் கயிறும் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே கட்டுங்கள்.

கலந்துரையாடக் கேள்விகள்

• வலை சிக்கிவிட்டது. புதிய வலை வாங்கப் பணமில்லை. வெட்டுவதா, மூழ்கி எடுப்பதா? வீட்டில் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்?
• தனியாகப் போகும் ஒருவரைத் தடுக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

அந்தக் கலந்துரையாடல் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அந்த அண்ணன் மனைவியிடம் சொன்னார்: "சரி, குதிக்க மாட்டேன்." அக்கா அதோடு விடவில்லை. "அங்கி?" என்று கேட்டார். "அதையும் போடுறேன்" என்றார். உங்கள் வீட்டிலும் இந்த இரண்டு கேள்வியையும் கேளுங்கள். பதில் வந்த பிறகு வள்ளத்தை இறக்குங்கள்.